ஒரே நெகட்டிவ், இரண்டு பிரிண்ட்: இருட்டறையையும் இங்க்ஜெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

கறுப்பு வெள்ளைப் படத்தைக் காகிதத்தில் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்: இருட்டறையில் போடும் பிரிண்ட் உசத்தியா, கணினியிலிருந்து இங்க்ஜெட்டில் எடுப்பது உசத்தியா? இதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்பது எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஒரு நெகட்டிவை எடுங்கள். அதே அளவில் இரண்டு வழியிலும் ஒவ்வொரு பிரிண்ட் போடுங்கள். காய்ந்த பிறகு ஒரே விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரை அந்த வேலைக்கான வழிகாட்டி.

தொடங்குமுன் ஒன்று. இரண்டு வழியிலும் உங்களை ஏமாற்ற ஒரு ஆள் காத்திருக்கிறான். இருட்டறையில் அது ஈரக் காகிதம். கணினியில் அது ஒளிரும் திரை. புதியவர்கள் வீணடிக்கும் காகிதத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் நம்பியதால் வீணானதுதான். என் கணக்கும் அதில் சேர்த்தி.

எந்த நெகட்டிவ்?

35 மி.மீ. நெகட்டிவ் போதும். நல்ல படமாக இருப்பதைவிட, நல்ல பாடமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் கற்றுக்கொடுக்கும்போது பயன்படுத்தும் நெகட்டிவில் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, மடிப்புகள் தெரிகின்றன. முதுகுக்குப் பின்னால் கறுத்துப்போன மரக்கதவு. முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். சட்டை மடிப்பும் தெரிய வேண்டும், கதவின் மர ரேகையும் தெரிய வேண்டும், முகம் சுண்ணாம்பு பூசியதுபோலவும் ஆகிவிடக் கூடாது. ஒரு பிரிண்டுக்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லை.

நெகட்டிவை விளக்குப் பலகையின் மீது வைத்துப் பாருங்கள். அதில் கதவு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவுக்குள் மெல்லிய கோடுகள் ஏதாவது தெரிகிறதா? தெரியாவிட்டால் எந்த வழியிலும் அவற்றை வரவழைக்க முடியாது. வேறு நெகட்டிவுக்குப் போய்விடுங்கள்.

பிரிண்டின் அளவு 8×10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அதே அளவு, அதே வெட்டு, அதாவது படத்தின் அதே பகுதி. ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் போட்டுவிட்டு ஒப்பிட்டால் எப்போதும் பெரியதுதான் ஜெயிக்கும்.

இருட்டறை: அறையைத் தயார் செய்வது

தனி அறை வேண்டியதில்லை. ஜன்னலை அடைக்க முடிந்த குளியலறையே போதும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகியதும் கதவிடுக்கிலும் சாவித்துவாரத்திலும் ஒளி கசிவது தெரியும். அவற்றைக் கறுப்பு டேப்பால் அடையுங்கள்.

அறையை ஈரப்பக்கம், உலர்ந்த பக்கம் என்று மனத்துக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். என்லார்ஜரும் (நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தின் மேல் ஒளியாக விழவைக்கும் கருவி) காகிதப் பெட்டியும் ஒரு பக்கம், ரசாயனத் தட்டுகள் மறுபக்கம். ஈரக் கையோடு காகிதப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒருமுறை ஃபிக்ஸர், அதாவது படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனம், பட்ட விரலோடு புதுக் காகிதத்தை எடுத்தேன். படத்தை எழுந்துவரச் செய்யும் டெவலப்பரில் போட்டதும் படத்தின் நடுவே என் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று வெள்ளையாக எழுந்து வந்தது. அன்றைக்கு வந்த பிரிண்ட்களிலேயே கூர்மையானது அந்த ரேகைதான்.

கறுப்பு வெள்ளைக் காகிதத்துக்குச் சிவப்பு ஒளி தெரியாது. நீலமும் பச்சையும்தான் தெரியும். அதனால்தான் பாதுகாப்பு விளக்கு சிவப்பாகவோ அடர் மஞ்சளாகவோ இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கிய எல்லாச் சிவப்பு பல்பும் பாதுகாப்பானது அல்ல. சோதித்துவிடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்துக்கு என்லார்ஜரில், மிக வெளிறிய சாம்பல் நிறம் வரும் அளவுக்கு மட்டும் ஒளி கொடுங்கள். பிறகு அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்யுங்கள். நாணயம் இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தால் விளக்கு சரியில்லை. முதலில் சாம்பல் ஏற்றுவது எதற்கு என்று கேட்கலாம். ஒளியே படாத காகிதம் கொஞ்சம் மந்தமானது. சிறிதளவு ஒளியைக் கண்டுகொள்ளாது. ஏற்கெனவே ஒளி பட்ட காகிதம்தான் மிச்சத்துக்கு உடனே இளகும். பிரிண்ட் போடும்போது நடப்பதும் அதுதான்.

தட்டுகள் மூன்று, வரிசையாக: டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், ஃபிக்ஸர். நான்காவது தண்ணீர். எல்லாம் 20 டிகிரி செல்சியஸ் ஒட்டி இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடுக்கி. கலக்கும் விகிதம் குப்பியிலேயே எழுதியிருக்கும். பரவலாகக் கிடைக்கும் காகித டெவலப்பர்களில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்பது வழக்கம். ஸ்டாப் பாத் அமிலம் என்பதால் தண்ணீரில்தான் அதை ஊற்ற வேண்டும், அதில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை போடுங்கள், காற்றுப் போக வழி வையுங்கள், அந்த நேரத்தில் எதையும் தின்னாதீர்கள். டெவலப்பரில் இருக்கும் மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒருமுறை வந்துவிட்டால் போவது கடினம். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். சாக்கடையில் கொட்டாமல் கேனில் சேர்த்து, ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

காகிதத்தில் இரண்டு வகை. பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி காகிதம் சீக்கிரம் கழுவிக் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் காகிதம் அழகானது, ஆனால் பொறுமையைச் சோதிக்கும். முதல் ஐம்பது தாளாவது ஆர்சியில் கழியட்டும். கான்ட்ராஸ்ட்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, மாற்றக்கூடிய காகிதமாக வாங்குங்கள்; 00 முதல் 5 வரையான ஃபில்டர்களை வைத்து ஒரே பெட்டியில் மென்மையான படமும் கடினமான படமும் எடுக்கலாம். எண் கூடக் கூட கான்ட்ராஸ்ட் கூடும்.

சோதனைப் பட்டை

நெகட்டிவின் மங்கலான பக்கம் கீழே பார்க்கும்படி, அதைத் தாங்கும் சட்டமான கேரியரில் வைத்து, தூசியை ஊதி, லென்ஸை முழுதும் திறந்து ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு லென்ஸின் துளையை இரண்டு படி மூடுங்கள் (ஒரு படி மூடினால் ஒளி பாதியாகும்). பெரும்பாலான என்லார்ஜர் லென்ஸ்களுக்கு எஃப் 5.6, எஃப் 8 பக்கம்தான் உயிர். ஃபில்டர் எண் 2 போடுங்கள்.

இப்போது முழுத்தாளை வீணாக்காமல் இரண்டு விரல் அகலப் பட்டை ஒன்றை வெட்டுங்கள். அது சட்டையின் மீதும் கதவின் மீதும் சேர்ந்து விழும்படி வையுங்கள். மூன்று மூன்று விநாடியாகக் கூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அதில் ஒரு கோளாறு: 3 விநாடிக்கும் 6 விநாடிக்கும் இடையே ஒளி இருமடங்காகிறது, 15க்கும் 18க்கும் இடையே வித்தியாசமே தெரியாது. அதற்குப் பதில் 4, 6, 8, 11, 16 என்று போங்கள். முதலில் முழுப் பட்டைக்கும் 4 விநாடி. பிறகு ஓர் அட்டையால் ஐந்தில் ஒரு பங்கை மூடி 2 விநாடி, இன்னும் ஒரு பங்கை மூடி 2, அடுத்து 3, கடைசிப் பங்குக்கு 5. ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய அரைப்படி தள்ளி நிற்கும்.

டெவலப்பரில் முழு ஒரு நிமிடம் வையுங்கள். படம் கறுத்துக்கொண்டே போகிறதே என்று பயந்து 20 விநாடியில் பிடுங்கி எடுப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. அப்படி எடுத்தால் கறுப்பு கறுப்பாக இராது. சேற்று நிறமாக, திட்டுத்திட்டாக வரும். படம் அளவுக்கு மீறிக் கறுத்தால் நேரத்தைக் குறைக்க வேண்டிய இடம் என்லார்ஜர். டெவலப்பர் தட்டில் பேரம் பேசக் கூடாது. ஸ்டாப் பாத் 10 விநாடி, ஃபிக்ஸர் ஒரு நிமிடம். அதன்பின் வெள்ளை விளக்கைப் போடலாம். போடுமுன் காகிதப் பெட்டி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, அந்தப் பெட்டியில் தொண்ணூறு தாள் இருந்தது.

தட்டில் படம் எழுந்து வருவதைப் பற்றி எல்லாரும் உருகி எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த கட்டம்: பட்டையைத் துடைத்து, ஹேர் டிரையரில் காயவைத்து, சாதாரண விளக்கின் கீழ் பிடித்துப் படிப்பது. ஈரமான காகிதத்தில் வெள்ளை மினுங்கும், கறுப்பு ஆழமாகத் தெரியும். காய்ந்ததும் ஒரு சுற்று இருண்டு, கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும். ஆர்சியில் இந்த மாற்றம் குறைவு, ஃபைபரில் நன்றாகவே தெரியும். நான் சொன்ன முதல் ஏமாற்று இதுதான்.

பட்டையைப் படிக்கும் முறை எளிது. முதலில் சட்டையை மட்டும் பாருங்கள், கதவை மறந்துவிடுங்கள். எந்தக் கட்டத்தில் மடிப்புகள் தெரியத் தொடங்கி, ஆனாலும் துணி வெள்ளையாகவே இருக்கிறதோ அதுதான் உங்கள் நேரம். பிறகு அந்தக் கட்டத்தில் கதவைப் பாருங்கள். கதவு சாம்பலாகத் தொய்ந்து கிடந்தால் ஃபில்டர் எண்ணைக் கூட்ட வேண்டும்; ரேகை எதுவும் இல்லாமல் தார் பூசியதுபோல் இருந்தால் குறைக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரம், நிழலுக்கு ஃபில்டர். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நாள் முழுதும் சுற்றிச் சுற்றி வருவீர்கள். ஃபில்டரை மாற்றியபின் மறுபடி ஒரு பட்டை போடுங்கள். 4-க்கு மேலான ஃபில்டர்களுக்கு ஒளி இருமடங்கு தேவைப்படுவது வழக்கம்.

எங்கள் ஜன்னலோர மனிதருக்கு ஃபில்டர் 2½, 9 விநாடி என்று அமைந்தது. அதற்குமேல் படத்தின் அந்தந்த இடத்துக்கு மட்டும் செய்யும் வேலை. நிழலில் இருந்த கன்னத்துக்குக் கம்பி முனையில் ஒட்டிய ஒரு சிறு அட்டையால் 2 விநாடி நிழல் கொடுத்தேன். ஜன்னல் விளிம்புக்கு, துளையிட்ட அட்டை வழியாக 5 விநாடி கூடுதல் ஒளி. அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் விளிம்பு கோடாகப் பதிந்துவிடும். இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் நிலா எழுவதை எடுத்த படத்தைப் பல பத்தாண்டுகளாக மீண்டும் மீண்டும் அச்சிட்டார். பழைய பிரிண்ட்களில் மேகக்கீற்றுகளோடு இருந்த வானம், பிற்காலப் பிரிண்ட்களில் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிட்டது. நெகட்டிவ் ஒன்றுதான், மாறியது அவர் கையும் மனமும்.

கழுவுவது சலிப்பான வேலை, தப்பிக்க வழியில்லை. ஆர்சிக்கு ஓடும் தண்ணீரில் 2 நிமிடம். ஃபைபருக்கு ஒரு மணி நேரம்வரை, கழுவுதலைத் துரிதப்படுத்தும் கரைசல் இருந்தால் அதைவிடக் குறைவு. வெள்ளி உப்புகளை ஹைப்போ, அதாவது ஃபிக்ஸராகப் பயன்படும் சரக்கு, கரைக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷெல் கண்டது 1819-இல். அந்த ஹைப்போவே காகிதத்தில் தங்கிவிட்டால் பின்னாளில் படத்தை மஞ்சளாக்கிவிடும். படத்தைக் காப்பாற்றிய அதே சரக்குதான் அதைக் கெடுக்கவும் செய்கிறது.

கணினிப் பக்கம்: கோப்பைத் தயார் செய்வது

இப்போது அதே நெகட்டிவை ஸ்கேன் செய்யுங்கள். 8×10 அங்குலத்தை, அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் அச்சிட 2400×3000 பிக்சல் தேவை. 35 மி.மீ. நெகட்டிவில் இந்த வெட்டுக்குப் பயன்படும் பகுதி 24×30 மி.மீ. அதனால் ஸ்கேனர் அங்குலத்துக்கு 2600 புள்ளிகளாவது உண்மையாகப் பிரித்துக் காட்ட வேண்டும். உண்மையாக என்று அழுத்திச் சொல்வது வேண்டுமென்றேதான்: தட்டை ஸ்கேனர்களின் பெட்டியில் அச்சடித்த எண்ணும் அவை நிஜத்தில் பிரித்துக் காட்டுவதும் ஒன்றாக இருப்பதில்லை. விளக்குப் பலகையும் மேக்ரோ லென்ஸும் இருந்தால், நெகட்டிவை டிஜிட்டல் கேமராவால் படம் எடுத்துக் கணினியில் தலைகீழாக்கிக்கொள்வதும் நல்ல வழி.

சாம்பல் படிகள் நிறையக் கிடைக்கும் 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். கோப்பு சப்பென்று, உயிரில்லாமல் வர வேண்டும். அதுதான் சரி. ஸ்கேன் செய்யும்போதே பளபளப்பாக வந்தால், சட்டை மடிப்பும் கதவு ரேகையும் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும்.

நெகட்டிவே இல்லாமல் டிஜிட்டல் கேமராவில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவின் கறுப்பு வெள்ளை முறையில் வரும் ஜேபெக் கோப்போடு நிற்காதீர்கள். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிமில் வானத்தைக் கறுக்க வைக்க, எடுக்கும்போதே லென்ஸில் சிவப்பு ஃபில்டர் மாட்ட வேண்டும்; எடுத்த பிறகு மனம் மாற வழியில்லை. ரா கோப்பில் எந்த நிறம் எவ்வளவு சாம்பலாக வேண்டும் என்று வீட்டுக்கு வந்தபின் தீர்மானிக்கலாம். இது டிஜிட்டலுக்கு உள்ள மிகப் பெரிய சலுகை. நீலத்தை அளவுக்கு மீறி இழுத்தால் வானம் மணல் கொட்டியதுபோல் பொரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது இரண்டாவது ஏமாற்று. திரை தானாக ஒளிர்வது. காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. பெரும்பாலான திரைகள் கடையில் கண்ணைப் பறிக்கும் அளவு வெளிச்சத்தோடு வீட்டுக்கு வருகின்றன. அதில் அழகாகத் தெரியும் படம் காகிதத்தில் இருண்டுபோகும். “பிரிண்டர் கறுப்பாக அடிக்கிறது” என்ற புகாரில் முக்கால்வாசி, திரையின் வெளிச்சத்தைப் பற்றிய புகார். திரையின் வெளிச்சத்தை அளக்கும் கருவி இருந்தால் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் ஒரு கை வைத்தியம்: பிரிண்டை எந்த விளக்கில் பார்ப்பீர்களோ அதன் கீழ் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். முதலில் மங்கலாகத் தோன்றும். இரண்டு நாளில் பழகிவிடும்.

திருத்தும் வேலையில் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு, இருட்டறையில் செய்ததைத்தான் செய்கிறீர்கள். மென்பொருளில் கறுப்பு வெள்ளை அளவை மாற்றும் வளைகோட்டைச் செங்குத்தாக்குவது ஃபில்டர் எண்ணைக் கூட்டுவது. தூரிகையால் கன்னத்தை வெளுப்பது கம்பி அட்டை. வித்தியாசம் என்னவென்றால் இங்கே எதையும் திரும்பப் பெறலாம், அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகும். இருட்டறையில் காகிதம் தீரும், முதுகு வலிக்கும், நிறுத்திவிடுவோம். கணினியில் அந்த வலி இல்லாததால், நள்ளிரவில் எல்லா நிழலையும் திறந்துவிட்டு, எல்லா மேகத்தையும் செதுக்கிவிட்டு உட்கார்ந்திருப்போம். மறுநாள் காலையில் பார்க்காமல் எந்தக் கோப்பையும் பிரிண்டருக்கு அனுப்பாதீர்கள்.

பிரிண்டர், மை, காகிதம்

ஒரே ஒரு கறுப்பு மை உள்ள சாதாரணப் பிரிண்டர், சாம்பல் நிறத்தை மற்ற வண்ண மைகளைக் கலந்து உண்டாக்குகிறது. அதனால் படம் பச்சையாகவோ ஊதாவாகவோ சாயும். பகல் வெளிச்சத்தில் ஒரு சாயல், பல்பின் கீழ் வேறு சாயல். கறுப்பு வெள்ளை வேலைக்குக் கறுப்போடு இரண்டு சாம்பல் மைகளாவது உள்ள, பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்துகள்களால் ஆன மை) பிரிண்டர் வேண்டும். எப்சன் நிறுவனம் 2005-இல் மூன்று அடர்த்தியில் கறுப்பு மைகளைக் கொண்ட மை வரிசையைக் கொண்டுவந்த பிறகு இது வீட்டு மேசைக்கும் எட்டியது. இப்படிப்பட்ட பிரிண்டர்களின் அமைப்பில் கறுப்பு வெள்ளைக்கென்று தனி முறை ஒன்று இருக்கும். புதியவர்கள் அதிலேயே தொடங்கலாம்.

காகிதத்தின் எந்தப் பக்கம் அச்சிடுவது என்று பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியைச் சற்று ஈரமாக்கி மூலையைத் தொடுங்கள். லேசாக ஒட்டும் பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். இது தெரியாமல் பின்பக்கத்தில் அச்சிட்ட ஒரு படத்தின் கறுப்பு ஒரு வாரம் கழித்தும் என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மேட் காகிதத்துக்கு ஒரு கறுப்பு மை, பளபளப்பான காகிதத்துக்கு வேறு கறுப்பு மை. பிரிண்டர் அமைப்பில் காகித வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இது தானாக நடக்கும், தவறாகத் தேர்ந்தெடுத்தால் மை குளம் கட்டும். காகிதத் தயாரிப்பாளர் தரும் ஐசிசி புரொஃபைலை (அந்தக் காகிதத்தில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) பயன்படுத்துகிறீர்கள் என்றால் நிறங்களைக் கவனிக்கும் பொறுப்பை மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டு, பிரிண்டர் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து திருத்தினால் யாருக்கும் புரியாத ஒரு சாம்பல் கிடைக்கும்.

சோதனைப் பட்டை இங்கேயும் உண்டு, நம்மில் பலர் போடுவதில்லை என்பதுதான் வருத்தம். சட்டையும் கதவும் சேர்ந்து வரும் ஒரு பட்டையைக் கோப்பிலிருந்து வெட்டுங்கள். அதை மூன்று விதமாக, ஒன்று இருப்பதுபோல், ஒன்று நிழலைச் சற்றுத் தூக்கி, ஒன்று கான்ட்ராஸ்ட்டைச் சற்றுக் கூட்டி, ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடுங்கள். கூடவே வெள்ளையிலிருந்து கறுப்புவரை 21 படிகளுள்ள சாம்பல் ஏணி ஒன்றையும் சேருங்கள். ஏணியின் கடைசிப் படிகள், 90, 95, 100 சதவீதக் கறுப்பு, தனித்தனியாகத் தெரிகின்றனவா? 95-உம் 100-உம் ஒன்றாகிவிட்டால், திரையில் நீங்கள் பார்த்த கதவு ரேகை அந்தக் காகிதத்தில் வரப்போவதில்லை. நிழலை அந்த அளவுக்கு மேலே தூக்க வேண்டும்.

பிரிண்ட் வந்ததும் தீர்ப்பு வேண்டாம். சில மணி நேரம் கிடக்கட்டும். கண்ணாடிச் சட்டத்துக்குள் போடுவதாக இருந்தால் ஒரு நாள் முழுதும் காய வேண்டும், இல்லாவிட்டால் மையிலிருந்து வெளிவரும் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் படிந்து மங்கலாக்கும். பிரிண்டர் பல வாரம் சும்மா கிடந்தால் மை ஊசிகள் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யவே மை கரையும். வாரம் ஒரு சிறு படமாவது அச்சிடுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

ஒரே விளக்கு, காய்ந்த பிரிண்ட்கள், கண்ணாடி இல்லை. முதலில் கதவு. பளபளப்பான வெள்ளிக் காகிதத்தின், அதாவது படம் வெள்ளியால் உருவாகும் இருட்டறைக் காகிதத்தின், முழுக் கறுப்பு, அடர்த்தி அளவில் (எண் கூடினால் கறுப்பு ஆழம்) 2.1 ஒட்டி இருக்கும். தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூடத் திருப்பித் தராது. மேட் இங்க்ஜெட் காகிதத்தில் 1.6 ஒட்டி நிற்கும். அது ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளியைத் திருப்பித் தருகிறது. கரியில் வரைந்ததுபோன்ற மென்கறுப்பு அது. சிலருக்கு அதுவே பிடிக்கும். பளபளப்புள்ள பரைட்டா வகை இங்க்ஜெட் காகிதத்தில் அச்சிட்டிருந்தால் கதவு வெள்ளிக் காகிதத்துக்குச் சமமாகவோ அதைவிட ஆழமாகவோ இருக்கலாம். இங்க்ஜெட் கறுப்பு வெளிறியது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மேட் காகிதத்தை மட்டும் பார்த்தவர்கள்.

அடுத்து இரண்டையும் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பிரிண்டில் படம் ஜெலட்டினுக்குள் இருக்கிறது. மேற்பரப்பு முழுவதும் ஒரே பளபளப்பு. இங்க்ஜெட்டில் மை மேலே உட்கார்ந்திருக்கிறது. சில காகிதங்களில் கறுப்புப் பகுதி வெண்கலம்போல் மினுங்கும், மையே விழாத வெள்ளைச் சட்டை மட்டும் வேறு மாதிரி பளபளக்கும். ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள், பிறகு பல்பின் கீழ். வெள்ளிப் பிரிண்டின் சாயல் அதிகம் மாறாது.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளிப் பிரிண்டில் ஃபிலிமின் மணிகள், அதாவது அதன் படத்தை உண்டாக்கும் நுண்துகள்கள், கூர்மையாக இருக்கும். ஸ்கேனிலிருந்து வந்ததில் அதே மணிகள் சற்றுத் தடித்து, சொரசொரப்பாகத் தெரியக்கூடும். கூர்மையைக் கொஞ்சம் குறைத்து மறுபடி அச்சிட்டால் சரியாகும். மற்றபடி சட்டை மடிப்பிலும் முகத்திலும் என் அனுபவத்தில் இங்க்ஜெட்தான் முந்தும். வெளிச்சப் பகுதியின் மெல்லிய வித்தியாசங்களை வளைகோட்டில் தனியாகப் பிரித்தெடுக்க முடிகிறது. இருட்டறையில் அதற்கு இரண்டு ஃபில்டரில் பிரித்து ஒளி கொடுக்கும் வித்தை வேண்டும்.

பத்துப் படி வேண்டுமென்றால் கணினிக்குப் பொத்தானை அழுத்தினால் போதும். இருட்டறையில் பத்தாவது பிரிண்டிலும் அதே கன்னத்துக்கு அதே 2 விநாடி நிழல் கொடுக்க வேண்டும், பத்தும் ஒன்றுபோல் இராது. ஆனால் முதல் நல்ல பிரிண்டுக்கு ஆகும் நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயுளைப் பொறுத்தவரை, ஒழுங்காகக் கழுவிய வெள்ளிப் பிரிண்ட்கள் நூறாண்டு கடந்து கண்முன் இருக்கின்றன. பிக்மென்ட் மையின் ஆயுள், கடும் ஒளியில் வைத்து வேகப்படுத்திய சோதனைகளிலிருந்து கணக்கிட்டது.

வெளியே ஆய்வகத்தில் கொடுத்து அச்சிடுகிறவர்கள் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: எந்தக் காகிதத்தில்? வண்ணக் காகிதத்தில் லேசரால் ஒளியூட்டி எடுத்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ ஊதாவோ ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அசல் கறுப்பு வெள்ளை வெள்ளிக் காகிதத்திலேயே லேசரால் அச்சிட்டு, தட்டு ரசாயனத்தில் கழுவித் தருகிற இடங்களும் உண்டு. இரண்டு உலகத்துக்கும் நடுவே இன்னொரு பாதை: கோப்பை ஒளிபுகும் ஃபிலிம் தாளில் பெரிய நெகட்டிவாக அச்சிட்டு, அதைக் காகிதத்தின் மேல் வைத்து ஒளி காட்டுவது. என்லார்ஜரே தேவையில்லை. முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எதில் தொடங்குவது என்றால், ஃபிலிமில் எடுப்பவர் இருட்டறையில் தொடங்கட்டும். கான்ட்ராஸ்ட் என்றால் என்ன என்பது விரல்வழி ஏறும். டிஜிட்டலில் எடுப்பவர் இருட்டறைக்காக வீட்டைக் கலைக்க வேண்டாம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே ஒரு காகிதத்தை வாங்கி, ஆறு மாதம் அதை மாற்றாமல் இருந்தால் போதும்.

கடைசியாகப் பிரிண்டின் பின்பக்கம். ஃபைபரிலும் இங்க்ஜெட் காகிதத்திலும் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்; ஆர்சியில் பென்சில் பிடிக்காது, அழியாத மார்க்கர் வேண்டும், மை காயும்வரை மேலே எதையும் அடுக்காதீர்கள். இருட்டறைப் பிரிண்ட் என்றால் நெகட்டிவ் எண், ஃபில்டர், துளை, விநாடிகள். இங்க்ஜெட் என்றால் கோப்பின் பெயர், காகிதம், புரொஃபைல். தேதி இரண்டிலும்.